தாத்தாவின் சைக்கிளும் செம்மண் சடக்கும்

(சிலிபின் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னங்க இது, படிப்பைப் பத்திப் பேசச் சொன்னா இவரு சைக்கிள் கடை தொறக்கிறாரே" என்று பின் வரிசையில் யாரும் முணுமுணுக்க வேண்டாம். சைக்கிளுக்குள் வரலாறு இருக்கிறது, புவியியல் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நாம் இந்தப் பேராக் மண்ணுக்கு வந்து சேர்ந்த கதையே அதன் டயருக்குள் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

உலகத்தில் இப்போது ஒரு புதிய பழக்கம் பரவி வருகிறது. அதற்குக் 'கிராவல் சைக்கிள் ஓட்டம்' என்று பெயர். கிராவல் என்றால் சரளைக்கல். காடியும் லோரியும் பறக்கும் தார்ச்சாலையை விட்டுவிட்டு, சரளைப் பாதையிலும் காட்டுப் பாதையிலும் வயல் ஓரங்களிலும் நாள் முழுக்க அமைதியாக ஓட்டிப் போவதுதான் அது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்றோர் ஊர். அங்கே 2006ஆம் ஆண்டில் ஒரு சிறு கூட்டம் தொடங்கிய 200 மைல் ஓட்டத்துக்கு இன்று பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். 2022ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் இதற்கென்று முதல் உலக வெற்றியாளர் போட்டியே நடந்தது. இதற்கென்று தனியாகச் சைக்கிள் செய்கிறார்கள். விலை கேட்டால் பல ஆயிரம் வெள்ளி சொல்வார்கள்.

இந்தச் செய்தியை, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள். "தாத்தா, வெள்ளைக்காரன் இப்ப மண்சடக்குல சைக்கிள் ஓட்டுறானாம்!" என்றால், அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அட போடா! நாங்க வேற எந்தச் சடக்குலடா ஓட்டுனோம்?" என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் சைக்கிள் இல்லாமல் எது நடந்தது? கிராணி பெரட்டுக்குச் சைக்கிளில் வந்தார். ரொட்டிக்காரர் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மணியடித்து லயம் லயமாக வந்தார். பால்மரம் வெட்டியவர்களும் பிற்காலத்தில் பால் தோம்பைச் சைக்கிளில் கட்டி ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். பட்டணத்தில் படம் பார்க்க, முன் கம்பியில் மனைவியையும் பின்னால் மகனையும் உட்கார வைத்து ஓட்டிய வீரர்களும் உண்டு. இவை அனைத்தும் நடந்தது செம்மண் சடக்கில், சரளைச் சடக்கில்.

இப்போது ஒரு சிறு அறிவியல் பாடம். தாத்தாவின் பழைய கறுப்புச் சைக்கிளின் டயரைத் தேடிப் பாருங்கள். '28 x 1½' என்று அச்சிட்டிருக்கும். புதிய கணக்குப்படி அதை 40-635 என்பார்கள். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். சரி, பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்கும் புதிய கிராவல் சைக்கிளின் டயர் அகலம் என்ன? பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர்! பந்தயச் சைக்கிளின் டயரைப் போல ஒல்லியாக இல்லாமல், தாத்தாவின் டயரின் அகலத்துக்கே உலகம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் அகலம் வேண்டும்? ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மனக்கணக்குப் போடுங்கள். சைக்கிளும் ஓட்டும் பிள்ளையும் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 132 இறாத்தல். டயரில் சதுர அங்குலத்துக்கு 66 இறாத்தல் காற்றழுத்தம் வைத்தால், இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2 சதுர அங்குலம். அழுத்தத்தை 33ஆகக் குறைத்தால் அதுவே 4 சதுர அங்குலம் ஆகிறது. பரப்பு கூடினால் டயர் சரளையைக் கவ்விப் பிடிக்கும், கல்லில் ஏறும்போது எகிறாது, முதுகும் வலிக்காது. ஆனால் ஒல்லியான டயரில் காற்றைக் குறைத்தால் ரிம் கல்லில் இடித்து டியூப் பஞ்சராகும். அகலமான டயராக இருந்தால்தான் காற்றைக் குறைக்க முடியும். தாத்தா இந்தக் கணக்கைப் போடவில்லை. கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்து, "இது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். காற்றடைத்த டயரைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஜான் பாய்டு டன்லப். அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்தவர். 1888ஆம் ஆண்டில், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய பாதையில் தடதடக்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். ஒரு தகப்பன் பிள்ளைக்காகச் செய்த காரியம் அது. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியமே பிடித்துவிட்டது. மோட்டார் காடி பெருகுவதற்கு முன்பே, சைக்கிள் டயருக்காக உலகம் ரப்பரைத் தேடத் தொடங்கிவிட்டது.

ரப்பர் எங்கே இருந்தது? பிரேசில் நாட்டுக் காட்டில். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அந்த 22இல் ஒன்பது கன்றுகள் எங்கே நடப்பட்டன தெரியுமா? நம் பேராக்கில், கோலகங்சாரில்! அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டார். அந்தக் காலத்துப் பழைய மரம் ஒன்றை இன்றும் கோலகங்சாரில் வேலி கட்டிக் காத்து வருகிறார்கள். டன்லப் டயர் செய்த அதே 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்புக்கு வந்தவர் ரிட்லி. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பியவர் அவரே.

ஆக, ஒரு பக்கம் டயர் பிறந்தது. இன்னொரு பக்கம் மரம் வளர்ந்தது. நடுவில் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் நம்முடைய பாட்டன், பூட்டன். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, காடு அழித்து, கன்று நட்டு, பால் எடுத்தார்கள். உலகம் தடதடக்காமல் சைக்கிள் ஓட்டுவதற்காக நம் முன்னோர் மண்வெட்டியைத் தூக்கினார்கள் என்று சொன்னால், அது மிகையில்லை.

அவர்கள் மரம் மட்டும் நடவில்லை, சடக்கும் போட்டார்கள். தோட்டச் சடக்கைக் கவனித்துப் பாருங்கள். நேராக மேட்டில் ஏறாது. மேட்டைச் சுற்றிச் சுற்றிப் போகும். பால் ஏற்றிய மாட்டு வண்டியும் பிறகு லோரியும் மழைக்காலத்திலும் ஏறி இறங்க வேண்டுமல்லவா? அதனால் சரிவைத் தணித்து வெட்டினார்கள். இரு பக்கமும் கான் தோண்டினார்கள். மேலே செம்மண் சரளை கொட்டி இறுக்கினார்கள். இன்று செம்பனைத் தோட்டத்தில் சடக்குகள் இன்னும் நெருக்கமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். ஆகவே ஒவ்வொரு பாத்திக்கும் வழி விட்டிருக்கிறார்கள். அந்த வழியில் காடி மிகக் குறைவு. சரிவும் மெல்லியது. சைக்கிள் ஓட்டுவதற்கென்றே யாரோ செய்து வைத்தது போல இருக்கும்.

அந்தச் செம்மண்ணுக்கே ஒரு கதை உண்டு. வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளில் மழை நீர் மண்ணில் உள்ள மற்றச் சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். இரும்பு துருப்பிடிப்பதால்தான் மண் சிவக்கிறது. வெட்டி எடுத்துக் காற்றுப் படவிட்டால் செங்கல்போல இறுகும் வகையும் அதில் உண்டு. 1807இல் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஆராய்ச்சியாளர் மலையாள நாட்டில் இந்த மண்ணைக் கண்டு, லத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். நம் சட்டையில் ஒட்டினால் அம்மா திட்டும் அந்தச் செம்மண்ணுக்கு உலக அறிவியல் நூல்களில் இடம் இருக்கிறது!

அன்பர்களே, இனிப்பான நினைவை மட்டும் சொல்லிப் போனால் அது வரலாறு ஆகாது. இதே சடக்குகளில்தான் 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை சைக்கிளில் வந்தது. டிசம்பர் 8இல் கோத்தாபாருவிலும் சயாம் கரையிலும் இறங்கியவர்கள், மாதம் முடிவதற்குள் ஈப்போவில் இருந்தார்கள். பிரிட்டிஷ் படை பெருஞ்சாலையில் தடுப்புப் போட்டுக் காத்திருக்க, இவர்கள் பல இடங்களில் தோட்டச் சடக்கிலும் காட்டுப் பாதையிலும் புகுந்து பக்கவாட்டில் வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்த இரைச்சலைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிரிகள் மிரண்டதாகச் சொல்வார்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் கடும் போர் நடந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. பிறகு தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரமாயிரமாகச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த லோரிகளும் இந்தச் செம்மண் சடக்குகளில்தான் போயின. பலர் திரும்பவில்லை. ஆகவே, அந்தச் சடக்கில் சைக்கிள் ஓட்டும்போது வெறும் காற்று வாங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். நம்முடைய குடும்பக் கதையின் மேல் ஓட்டுகிறோம்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். ரப்பர் போய்ப் பெரும்பாலும் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம் மக்கள் லயத்தை விட்டு சிலிபினுக்கும் புந்தோங்குக்கும் ஜெலாப்பாங்குக்கும் மெங்லெம்புக்கும் வந்துவிட்டார்கள். நல்லதுதான். பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஆனால் ஒன்று பறிபோனது. பிள்ளை பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு சடக்கு இல்லாமல் போய்விட்டது.

"அம்மா, சைக்கிள் எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டால், "வேணாம்பா, ரோட்டுல லோரி வருது" என்கிறோம். தாய் சொல்வதில் தவறு இல்லை. நம் நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 உயிர்கள் போகின்றன. 2023இல் அது 6,000ஐத் தாண்டியது. மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்குத் தார்ச்சாலையில் மதிப்பில்லை. இது உண்மை.

ஆனால் பிள்ளையைத் தடுத்துவிட்டால் அவன் ஆசை அடங்கிவிடுமா? 2017 பிப்ரவரி 18ஆம் நாள் ஜொகூர்பாருவில் நடந்ததை மறக்க முடியாது. விடியற்காலை மூன்று மணியளவில், மாற்றியமைத்த 'லாஜாக்' சைக்கிள்களில் நகரச் சாலையில் கூடியிருந்த பிள்ளைகள் மீது காடி மோதி, எட்டுப் பேர் மாண்டார்கள். அனைவரும் பதின்ம வயதுப் பையன்கள். வழக்கு, குற்றம், தீர்ப்பு இவை நீதிமன்றத்தின் வேலை. நம் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. பகலில், பாதுகாப்பாக, பெரியவர் கண் பார்வையில் ஓட்டுவதற்கு நம் பிள்ளைகளுக்கு நாம் எந்த இடத்தைக் காட்டியிருக்கிறோம்? 'போகாதே' என்று சொல்வது எளிது. 'இங்கே போ' என்று சொல்வதற்குத்தான் ஊர் கூட வேண்டும்.

இத்தாலியில் ஓர் ஊர் அப்படிக் கூடியது. டஸ்கனி வட்டாரத்தில் வெண்ணிறச் சரளைச் சாலைகள் உண்டு. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் பழைய சாலைகள் அவை. எல்லாவற்றுக்கும் தார் போட்டுவிட்டால் பழைய அழகும் அமைதியும் போய்விடும் என்று கண்ட சிலர், 1997இல் கயோலே என்னும் சிற்றூரில் பழைய காலச் சைக்கிள்களில் ஓர் ஓட்டம் தொடங்கினார்கள். நூறு பேருக்கும் குறைவாகத் தொடங்கிய அந்த 'எரோய்கா' ஓட்டத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சிற்றூர்க் கடைக்கு வியாபாரம் வந்தது. 'இந்தச் சாலைக்கு மதிப்பு இருக்கிறது' என்று அரசு அலுவலகங்களும் உணர்ந்தன. ஆள் நடமாடாத சடக்கைப் புல் மூடும். ஆள் போகிற சடக்கு நிலைக்கும். இது நம் தோட்டத்துக்காரர்கள் அறியாத செய்தியா?

"அதெல்லாம் இத்தாலி, நம்ம ஊருல என்னா இருக்கு?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சிலிபினில் நின்று மேற்கே பாருங்கள். கிளேடாங் மலை நிற்கிறது. ஏறக்குறைய 800 மீட்டர் உயரம். மெங்லெம்பு பக்கம் அதன் அடிவாரத்தில் வனப் பூங்கா இருக்கிறது. உச்சிக்குப் போகும் பாதையில் காலையில் நடப்பவர்களும் சைக்கிளில் ஏறுபவர்களும் போகிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு உச்சி வேண்டாம். அடிவாரத்து நிழலே போதும்.

தெற்கே போனால் பத்துகாஜா. ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற குளங்களைச் சுற்றி இன்று கிந்தா இயற்கைப் பூங்கா இருக்கிறது. கொக்கும் நாரையும் கூட்டமாக இறங்கும். ஒரு காலத்தில் மண்ணைக் கலக்கி ஈயம் எடுத்த இடத்தில் இப்போது பறவை மீன் பிடிக்கிறது. அதற்கும் அப்பால் தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டி 1982 வரை ஓடிய ஈயக் கப்பல் ஒன்று காட்சிக்கு நிற்கிறது. நம் கிந்தா பள்ளத்தாக்கின் வரலாற்றைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று. அதன் அருகே சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது வேறு.

பத்துகாஜா, கோப்பேங் சாலையில் கெல்லிஸ் கோட்டை. வில்லியம் கெல்லி சுமித் என்ற துரை 1915இல் பெரிய மாளிகையாகக் கட்டத் தொடங்கினார். 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்தபின் அது முடியாமலே நின்றுவிட்டது. அதைக் கட்டியவர்கள் நம்மவர்கள். காய்ச்சல் பரவிப் பலர் மாண்டபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, துரை கட்டிக் கொடுத்தாராம். அந்தக் கோயில் அருகிலேயே இன்றும் இருக்கிறது. அதன் மேல் தெய்வச் சிலைகளோடு துரையின் உருவமும் இருப்பதாகக் காட்டுவார்கள். கோட்டையைப் படம் பிடிக்கும் சுற்றுலாக்காரர்களுக்குக் காய்ச்சலில் மாண்டவன் பெயர் தெரியாது. நம் பிள்ளைகளுக்காவது அவன் கதை தெரிய வேண்டும்.

இன்னொரு பக்கம் பப்பான். ஜப்பானியர் காலத்தில் அங்கே மருந்தகம் வைத்து, காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக வைத்தியம் செய்து, பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, 1948இல் மறைந்த சிபில் கார்த்திகேசு அம்மையார் வாழ்ந்த ஊர். அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அந்தத் தெருவில் மெதுவாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்கு, வீரம் என்றால் சினிமாச் சண்டை மட்டும் அல்ல என்பது தானே விளங்கும்.

இனிப் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சைக்கிளு?" என்ற பேச்சு இன்னும் சில வீட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம், அங்கேயும் செம்மண்தான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கற்பித்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஊக்கத்தால், கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் வைத்து ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல் தாமே சந்தைக்குப் போனார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒன்றாகக் கற்ற பெண்ணை யாராலும் எளிதில் ஏமாற்ற முடியாது. நம் மகள்களுக்கு இது குறைந்தா போய்விட்டது?

சரி, எப்படிப் போவது? சில விதிகளைச் சொல்கிறேன். மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டச் சடக்கு பொதுச் சாலை அன்று; அது தோட்டத்துக்குச் சொந்தம். நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். கேட் போட்டிருந்தால் நுழையக் கூடாது. மருந்து அடிக்கும் நாளில் போகக் கூடாது. குலை ஏற்றிய லோரிக்கும் டிராக்டருக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும். அது அவர்கள் வேலை செய்யும் இடம். கீழே உதிர்ந்த பழத்தைக்கூட எடுக்கக் கூடாது. விழுந்த மட்டைக் குவியலில் கால் வைக்காதீர்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். நம் ஊரில் பிற்பகல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. நனைந்த செம்மண் சறுக்குமரம் போல ஆகிவிடும். தலைக்கவசம் கட்டாயம். இரண்டு பிரேக்கும் வேலை செய்ய வேண்டும். பிரேக் இல்லாத சைக்கிளுக்கு இடமே இல்லை. ஒரு டியூப், ஒரு பம்பு, தண்ணீர்ப் புட்டி, கொஞ்சம் கச்சாங் பூத்தே. புந்தோங்கை அடுத்து வைத்துக்கொண்டு வேறு என்ன பலகாரம் தேடுவது? முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். தனியாக யாரும் போகக் கூடாது. இறக்கத்தில் வேகம் காட்டுபவன் வீரன் அல்லன். பின்னால் வருபவனுக்காக மேட்டில் நின்று காத்திருப்பவனே வீரன்.

இன்னொன்று. வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கைப்பேசித் திரையில் ஒரு சாண் தூரம் பார்க்கும் கண்ணுக்கு, சடக்கின் கோடியில் உள்ள வளைவைப் பார்க்கும் வாய்ப்பும் வேண்டும்.

பள்ளி வாரியத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சைக்கிள் உலா தொடங்குங்கள். பெரிய செலவில்லை. பல வீடுகளில் ஏதோ ஒரு சைக்கிள் படிக்கட்டின் கீழ் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டால் போதும். உலாவுக்கு வழிகாட்டியாகத் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா ஒருவரை, பாட்டி ஒருவரை அழையுங்கள். அவர்களால் சைக்கிள் ஓட்ட முடியாவிட்டால் காடியில் முன்னே போய்க் காத்திருக்கட்டும். "இங்கதான் எங்க லயம் இருந்துச்சு. இங்க ஆயக்கொட்டகை. அந்தக் கிணறு இருந்த இடத்துல இப்ப செம்பன நிக்குது" என்று அவர்கள் கைகாட்டட்டும். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதட்டும், படம் வரையட்டும். அடுத்த ஆண்டு மலரில் அது வரட்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கிறீர்களா? லயங்கள் இடிந்துவிட்டன. செம்பனைக்கு நடுவே ஒரு முனியாண்டி மேடையோ மாரியம்மன் கோயிலோ மட்டும் நிற்கிறது. தோட்டத்துப் பிரிவுகளுக்கு நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. வயதானவர்கள் வாயில்தான் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்க ஆள் வேண்டும்.

துன் வீ. தி. சம்பந்தன் அவர்களை நினைத்துப் பாருங்கள். நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், தோட்டம் தோட்டமாகப் போய், "மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம்" என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால் வெட்டியவன் பங்குதாரன் ஆனான். சடக்குப் போட்டவனுக்கே அந்தச் சடக்கில் பங்கு கிடைத்தது. அவர்கள் காசு போட்டுக் காத்தார்கள். நாம் குறைந்தது கால் போட்டாவது, அதாவது பெடலில் கால் போட்டாவது, நினைவைக் காக்கக் கூடாதா?

மாணவமணிகளே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குவீர்கள். புத்தகம் கிடைத்தால் படியுங்கள். கோப்பை கிடைத்தால் வீட்டில் வையுங்கள். சைக்கிள் கிடைத்தால் தயவுசெய்து பிளாஸ்டிக் உறையோடு வரவேற்பறையில் நிறுத்தி வைக்காதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு, தாத்தாவிடம் வழி கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சக்கரத்தில் செம்மண் ஒட்டி வீட்டுக்கு வந்தால் அம்மா திட்டத்தான் செய்வார். "கழுவிடுறேன்மா" என்று சொல்லுங்கள். ஆனால் கழுவுவதற்கு முன், அந்த மண்ணை ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்கள்.